மெர்காதாவின் பெயரில் கடைசி எழுத்து

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது தாண்டிய பிறகுதான் ரெப் ஃபிஷெல் படியேறி வந்தார். கம்பளிக் கோட்டின் மேல் பனி ஈரம் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. திரைக்குப் பின்னால் காய்ச்சலில் கிடந்த பெஹோரின் மூச்சைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அவன் மனைவி மெர்காதாவைப் பார்த்து, இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எப்போது எழுத முடியுமோ தெரியாது என்றார்.

எதை எழுதுவது என்று அவள் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் காதில் விழாத மாதிரி நடித்துத் தட்டிக்கழித்த பேச்சு அது.

பெஹோர் கொஹென், ஸஃபேத்தில் செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன். போருக்காக வந்து தங்கிய துருக்கிப் பட்டாளத்தின் சமையல் அண்டாக்களுக்கு ஈயம் பூசப் போன இடத்தில் காய்ச்சல் அவனைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குளிர்காலத்தில் அந்தக் காய்ச்சல் நுழையாத சந்து ஊரில் கிடையாது. ரொட்டிக்கு மாவில்லை, விறகில்லை, பிணத்தைத் தூக்க ஆளில்லை. யூதர்களில் இவர்களுடைய ஜனத்துக்கு நியாயம் சொல்லிவந்த குருவான ரப்பியையே போன மாதம் புதைத்தாகிவிட்டது. அதனால்தான் மேலைத்தெரு போலந்து யூதர்களின் ரப்பியான ரெப் ஃபிஷெல் இங்கே வர வேண்டியதாயிற்று. இவர்களுடைய பாஷையை அவர் கடைவீதியில் கற்றுக்கொண்டவர். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

அவர் சொன்னது இதுதான். பெஹோருக்கும் மெர்காதாவுக்கும் பிள்ளை இல்லை. பிறந்த ஒன்றும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டது. பிள்ளையில்லாமல் செத்தவனின் பெண்டாட்டி, செத்தவனுடைய சகோதரன் சபைக்கு முன்னால் வந்து அவளை விடுவிக்கும்வரை வேறு ஒருவனைக் கட்ட முடியாது. பெஹோருக்கு ஒரே தம்பி, ஷால்தியேல். அவனைப் பட்டாளத்தார் ரோடு போடும் கூலிப்படைக்கு இழுத்துக்கொண்டு போய், அனடோலியா பக்கம் எங்கோ பார்த்ததாக ஒருவன் சொன்னதோடு சரி. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. இந்த நிலையில் பெஹோர் கண்ணை மூடினால் மெர்காதா விதவையுமில்லை, சுமங்கலியுமில்லை. கிழவியாகும்வரை ஒரு காணாமல் போனவனுக்குக் கட்டுப்பட்டவளாக உட்கார்ந்திருப்பாள். அதற்கு ஒரே மாற்று, மூச்சு இருக்கும்போதே பெஹோர் விவாகத்தை ரத்து செய்து அவளுக்கு விலக்குச் சீட்டு கொடுத்துவிடுவது.

"அவர் பிழைச்சா இந்தச் சீட்டு செல்லாதுன்னு ஒரு வரி சேத்து எழுத முடியாதா, ரப்பி?" என்று மெர்காதா கேட்டாள்.

ரெப் ஃபிஷெல் தலையை ஆட்டினார். அப்படி எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கணவன் எழுந்து இரண்டு நாள் நடமாடினான், மறுபடி விழுந்து செத்தான். செத்தது அதே நோயிலா, வேறு நோயிலா என்று மூன்று ஊர் ரப்பிகள் தர்க்கம் பண்ணினார்கள். அந்தப் பெண் இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள். "இந்தக் காய்ச்சல் போகும், வரும், மறுபடி போகும், அம்மா. நிபந்தனை போட்டு நான் எழுத மாட்டேன். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும்."

முழுசாக என்றால் என்ன என்பதை அவர் சொல்லாமலே அவள் அறிவாள். பெஹோர் கொஹென் ஆசாரியக் குலத்தவன். அந்தக் குலத்தில் பிறந்தவன் விலக்கப்பட்ட பெண்ணைக் கட்டக் கூடாது. விலக்கியவன் தானே ஆனாலும் கூடாது. மற்றவர்கள் கோபத்தில் சீட்டுக் கொடுத்துவிட்டு, கோபம் தணிந்ததும் மறுபடி மணவறைக்கு வந்து நிற்கலாம். பெஹோருக்கு அந்த வழி கிடையாது. சீட்டைக் கொடுத்த பிறகு அவன் எழுந்து உட்கார்ந்தால், அவர்கள் இருவருக்கும் அப்புறம் ஒரே கூரை என்பது இந்த ஆயுளில் இல்லை. ஒரே சந்தில்கூடக் குடியிருக்க முடியாது.

"அவரையே கேளுங்க," என்று சொல்லிவிட்டு மெர்காதா வினிகர்த் துணியைப் பிழியப் போனாள். அவன் மாட்டேன் என்பான் என்று நம்பினாள்.

காய்ச்சல்காரன் வார்த்தையைச் சட்டம் சுலபத்தில் ஏற்காது. அவன் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். ரெப் ஃபிஷெல் திரையை விலக்கிப் படுக்கையருகே குனிந்தார். "பெஹோர், முற்றத்து மரத்தில் அத்திப்பழம் பழுத்திருக்கிறது. பறித்துத் தரட்டுமா?"

பெஹோர் கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது. "இந்தக் குளிர்ல அத்திப்பழமா? காய்ச்சல் எனக்கா உங்களுக்கா, ரப்பி?"

வாசலில் நின்ற எதிர்வீட்டு சோல் அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெப் ஃபிஷெல் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் நேராக வந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

 பெஹோர் மெர்காதாவை மட்டும் இருக்கச் சொன்னான்.

"எழுதச் சொல்லப்போறேன்," என்றான்.

"நான் கேக்கலியே."

"நீ கேக்க மாட்ட. அதான் நான் சொல்றேன். ஷால்தியேல் வருவான்னு நெனைக்கிறியா?"

அவள் நெற்றித்துணியைத் திருப்பிப் போட்டாள்.

"எனக்கும் தெரியாது. அவன் வர்றவரைக்கும் நீ இந்த அடுப்படியில உக்காந்து, வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சேதி கேட்டுக்கிட்டிருப்ப. எனக்கு அதைப் பாக்க முடியல. செத்தப்புறமும் பாக்க முடியாது."

"பிழைச்சா?" என்றாள். "பிழைச்சு எழுந்துட்டா என்ன செய்வீங்க?"

"அதை அப்ப பாத்துக்கலாம், ஜன்னல்காரி," என்றான். அதற்குள் மூச்சு வாங்கிற்று.

ஜன்னல்காரி என்பது அவன் வைத்த பெயர். அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் மெர்காதாவுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அம்மை போட்டுக் கண் செருகிக் கிடந்த பெண்ணை அவள் அம்மா தூக்கிக்கொண்டு போய், பெற்ற பிள்ளைகள் சாகாமல் தங்கிய பக்கத்து வீட்டுக்காரியின் கையில் விற்றுவிட்டாள். ஒரு செப்புக்காசுக்கு விற்று, மறுநாள் வேறு பெயரில் வாங்கி வந்தாள். சாவுத்தூதன் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா. மெர்காதா என்றால் விலைக்கு வாங்கினவள். இந்த ஜனத்தில் பிழைத்த பிள்ளைகள் பலருக்கும் அந்தப் பெயர்தான்.

எபிரேயத்தில் எழுதினால் அந்தப் பெயர் 'ஹே' என்ற எழுத்தில் முடியும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு எழுத்தை மட்டும் பிசைகிற மாவில் விரலால் கிழித்துக் காட்டுவாள். மேலே ஒரு கூரை. வலப்பக்கம் ஒரு சுவர். இடப்பக்கம் கூரையைத் தொடாமல் நிற்கும் ஒரு குட்டைக் கால். கீழே முழுக்கத் திறப்பு. ஆண்டவன் இந்த உலகத்தை இந்த எழுத்தைக் கொண்டுதான் படைத்தான் என்பது பெரியவர்கள் வாக்கு. போகிறவன் கீழ்த்திறப்பு வழியாகப் போகலாம், தடையில்லை. ஆனால் விழுந்த வழியாகவே ஒருவன் ஏறிவர முடியாது. அதனால் திரும்பி வருகிறவனுக்கென்று காலுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னலை விட்டு வைத்திருக்கிறான். "நீ விழுந்தவ. அந்த ஜன்னல் வழியா ஏறி வந்தவடி," என்பாள் அம்மா. வாயைத் திறந்து மூச்சை விட்டாலே ஹே தான், அதற்கு மேல் அந்த எழுத்துக்குச் சத்தமே கிடையாது என்றும் சொல்வாள். வேதத்தில் ஆபிராம் ஆபிரகாம் ஆனதும், சாராய் சாராள் ஆகிக் கிழப்பருவத்தில் பிள்ளை பெற்றதும் அந்த ஓர் எழுத்து பெயருக்குள் வந்து சேர்ந்த பிறகுதான். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பெஹோரிடம் அவள் சொன்னாள். அன்றையிலிருந்து ஜன்னல்காரி.

எழுத்தர் மெவோராஹ் மையும் இறகுப்பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார். சாட்சிக்கு அடக்கச் சங்கத்து ஆட்கள் இருவர் வந்தார்கள். பிணம் தூக்கியே தோள் வலித்தவர்கள். காகிதமும் பேனாவும் மையும் சட்டப்படி கணவனுக்குச் சொந்தமாக வேண்டும். அதனால் மெவோராஹ் அவற்றைப் பெஹோரின் கையில் கொடுக்க, அவன் சற்றே தூக்கிக் காட்டிவிட்டுத் திருப்பித் தந்து, தன் மனைவி மெர்காதாவுக்காக விலக்குச் சீட்டு எழுதும்படி சாட்சிகள் காதில் விழச் சொன்னான். குரல் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் உறுதியாக வந்தது. மெர்காதா அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முன்னறையில் எழுத உட்கார்ந்ததும் தகராறு பிடித்துக்கொண்டது. சீட்டில் பெயர் பிசகினால் சீட்டே போயிற்று. மெர்காதா என்பது வேற்றுமொழிப் பெயர், வேற்றுமொழிப் பெயரை ஆலெஃப் எழுத்தில்தான் முடிக்க வேண்டும் என்றார் ரெப் ஃபிஷெல்.

"அது உங்க தெரு வழக்கம்," என்றார் மெவோராஹ். "எங்க ஜனம் இந்தப் பேரை எத்தனையோ சீட்டுல எழுதியிருக்கு. எல்லாத்துலயும் ஹே தான்."

"நீர் எழுதியது எல்லாம் சரி என்று யார் சொன்னது?"

"நீங்க இல்லாதப்ப சொல்றதுக்கு ஆள் இருந்தாங்க, ரப்பி. போன மாசந்தான் புதைச்சோம்."

சாட்சிகளில் ஒருவன் ஜன்னலைப் பார்த்து, சூரியன் மெரோன் மலைப்பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது என்றான். அது வேறு கவலை. சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவது எல்லாம் ஒரே நாளில், சூரியன் விழுவதற்குள் முடிய வேண்டும். விழுந்தால் சபாத் ஓய்வுநாள் பிறந்துவிடும். சபாத்தில் ஒரு புள்ளிகூட எழுதக் கூடாது. சனிக்கிழமை இருட்டிய பிறகு எழுதலாம் என்றால், அதுவரை பெஹோருக்கு மூச்சு இருக்குமா, மூச்சு இருந்தாலும் புத்தி இருக்குமா?

ரெப் ஃபிஷெல் மேலே வாதாடவில்லை. கல்யாண ஒப்பந்தத்தைக் கொண்டு வா என்றார். சோல் அத்தை பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். துணிக்கடியிலிருந்து அது கிடைப்பதற்குள் வெளிச்சம் இன்னும் ஒரு சாண் இறங்கிவிட்டது. அதில் பெயர் ஹேயில்தான் முடிந்திருந்தது. ரெப் ஃபிஷெல் தாடியைக் கோதினார். ஊர் வழக்கத்தை மீற எனக்கு அதிகாரமில்லை, எழுதும் என்றார்.

மெவோராஹ் எழுதினார். பன்னிரண்டு வரி. ஓர் எழுத்து இன்னோர் எழுத்தைத் தொடக் கூடாது. ஓர் எழுத்தின் உறுப்புகள் ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டவும் கூடாது. குளிரில் மை கெட்டிப்பட்டது. அதை அவர் வாயால் ஊதி ஊதிச் சூடேற்றினார். நடுவில் பெஹோர் யாரோடோ பேச ஆரம்பித்தான். ஷால்தியேலைக் கூப்பிட்டு அண்டாவைப் புரட்டிப் போடச் சொன்னான். முன்னறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புத்தி போய்விட்டால் எழுதுவதில் பிரயோஜனமே இல்லை. மெர்காதா ஓடிப்போய் வினிகர்த் துணியை மாற்றி மாற்றி நெற்றியில் போட்டாள். "பெஹோர், இங்க பாருங்க, நான்தான்," என்று கன்னத்தைத் தட்டினாள். அவனைத் தெளிய வைத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தட்டினாள். வெகுநேரம் கழித்து அவன் கண் அவள் முகத்தில் வந்து நின்றது.

"முடிச்சுட்டாங்களா?" என்றான்.

சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். ரெப் ஃபிஷெல் சீட்டை ஒருமுறை படித்தார். மலை விளிம்பில் சிவப்பு ஒரு விரற்கடை மீந்திருந்தது. சாட்சிகள் பெஹோரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மெர்காதா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். எதிரே அவன் கையில் விரிந்திருந்த காகிதத்தில் அவள் கண் தன் பெயரின் கடைசி எழுத்தைத்தான் தேடிற்று. அவளுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான்.

"இது உன்னோட விலக்குச் சீட்டு," என்று ரப்பி சொல்லிக் கொடுத்ததை அவன் சொன்னான். "வாங்கிக்க. இதனால நீ என்னை விட்டு விலக்கப்பட்டவ. யாருக்கும் பெண்டாட்டியாகலாம்."

காகிதம் அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் கையை மூடினாள். சட்டப்படி அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். ரெப் ஃபிஷெல் அதைத் திரும்ப வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டாம்முறை படித்தார். படித்து முடித்துக் குறுக்கே கத்தரித்துவிட்டால் வேலை தீர்ந்தது.

அவர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. காகிதத்தைக் கண்ணருகே கொண்டு போனார்.

"இந்த ஹே ஒட்டியிருக்கிறது," என்றார்.

மெவோராஹ் எழுந்து வந்தார். காலுக்கும் கூரைக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. மை அடைத்துக்கொண்டிருந்தது. இடைவெளி அடைபட்ட ஹே ஹே அல்ல. அது வேறு எழுத்து, ஹெத். அந்தப் பெயரில் இந்த உலகத்தில் யாரும் இல்லை.

"நான் இடம் விட்டுத்தான் எழுதினேன்," என்றார் மெவோராஹ். அவர் முகம் வெளுத்துவிட்டது. "வாங்கினப்ப அவ கையில பட்டுக் கலைஞ்சிருக்கும்."

ரெப் ஃபிஷெல் சாட்சிகளைக் கேட்டார். அவர்கள் கையெழுத்துப் போட்டதோடு சரி, எழுத்தெழுத்தாகப் பார்க்கவில்லை. அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். "நான் படித்தேன். ஹே என்று படித்தேன். ஆனால் மனசு எதிர்பார்த்ததைத்தானே கண் படிக்கிறது? என் கண்ணை நம்பி நான் சத்தியம் பண்ண மாட்டேன்." பிறகு மெர்காதாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, கையை மூடுவதற்கு முன்னால் நீ இதைப் பார்த்தாயா?"

மெர்காதாவுக்கு உடனே எல்லாம் புரிந்தது. எழுதும்போதே ஒட்டியிருந்தால் சீட்டு செல்லாது, சபாத்துக்குள் மறுபடி எழுதவும் நேரமில்லை. அவள் இன்னும் பெஹோரின் பெண்டாட்டி. சபாத் விளக்கை இந்த வீட்டில் ஏற்றலாம், அவன் பக்கத்தில் உட்காரலாம், அவன் போனால் அவள் மடியில் போவான். அப்புறம் ஷால்தியேல் வருகிறவரை கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான். அவள் கையில் பட்டுத்தான் கலைந்தது என்றால் சீட்டு செல்லும். அவள் இப்போதே, இந்த நிமிஷமே, இந்த வாசலைத் தாண்ட வேண்டும்.

சோல் அத்தை அவள் தோளைப் பிடித்துக் காதோரம் முணுமுணுத்தாள். "அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிடுடி. சாகப்போற மனுசன விட்டுட்டு எங்க போவ? யாருக்குத் தெரியப்போவுது?"

மெர்காதா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வினிகர் ஈரத்தில் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. அதுவும் ஒன்றும் நிரூபிக்காது. மை முதலிலேயே ஒட்டியிருந்தாலும் ஈரக்கையில் தீற்றல் விழுந்திருக்கும். சொல்ல வேண்டியது அவள் ஒருத்திதான்.  கீழே சந்தில் தொழுகைக்கூடத்து ஊழியர், கடையைக் கட்டுங்கள், விளக்கேற்றுங்கள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருவது கேட்டது.

"ஜன்னல்காரி," என்றான் பெஹோர். அவ்வளவு பேருக்கு நடுவில் அந்தப் பெயரை அவன் சொன்னதே இல்லை. "ஜன்னல் தெறந்திருந்துச்சா?"

அவன் கேட்டது அவளுடைய விடுதலைக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடுவதற்குள் அதை உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தான். ரப்பி மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை அவள் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். அப்படித்தான் பின்னாளில் சோல் அத்தையிடம் சொன்னாள். அவன் கேட்டதும் அவளால் முடியவில்லை.

"தெறந்துதான் இருந்துச்சு," என்றாள். "நல்லாப் பாத்தேன். என் கைதான் ஈரம்."

மெவோராஹ் நாற்காலியில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ரெப் ஃபிஷெல் அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துச் சீட்டைக் குறுக்கே கத்தரித்தார். பெஹோர் கண்ணை மூடிக்கொண்டான். சாட்சிகள் அவனைப் படுக்க வைத்தார்கள். மெர்காதா போர்வையைச் சரிசெய்யக் கையை நீட்டிவிட்டு, நடுவிலேயே இழுத்துக்கொண்டாள். துணியை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தண்ணீரைக் கரண்டியில்தான் கொடுக்க வேண்டும், மடமடவென்று கொடுத்தால் புரை ஏறும் என்று அந்தச் சங்கத்து ஆட்களிடம் சொன்னாள். சால்வையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அன்றைய விளக்கை அவள் சோல் அத்தை வீட்டில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு, வழக்கப்படி முகத்தை மூடின கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க எதிர்வீட்டுப் படியில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள், பிணத்துக்குத்தான் வந்தார்களோ என்று எழுந்து நிற்பாள். அவன் போய்விட்டால் அவள் தரையில் உட்கார்ந்து துக்கம் காக்கக்கூட உரிமையில்லை. விலக்கப்பட்டவளுக்கு ஏது துக்கம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சோல் அத்தை மூச்சிரைக்க ஓடிவந்தாள். பெஹோருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது. எழுந்து சூப் கேட்டான்.

மெர்காதா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் அழுதாள். சோல் அத்தைக்கு எதற்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள்.

அடுத்த வாரம் ரெப் ஃபிஷெல் தானாகவே சோல் அத்தை வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். ஏதாவது வழி உண்டா என்று ஜெருசலேம் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த நேரத்தில் வெளிச்சம் மங்கல். நீயும் பதற்றத்தில் இருந்தாய். நீ பார்த்ததில் உனக்குச் சந்தேகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல். ஒரு சின்னச் சந்தேகம் இருந்தால்கூட நான் பெரியவர்களிடம் வாதாடிப் பார்ப்பேன்," என்றார்.

அவர் கெஞ்சுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை போதும். பெஹோர் எதிர்வீட்டில் இருமுவது இங்கே கேட்டது.

"இல்ல, ரப்பி," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச எழுத்தே அது ஒண்ணுதான். அதுல எப்படி சந்தேகம் வரும்?"

ஜெருசலேமிலிருந்து வந்த பதிலும், சீட்டு செல்லும் என்று ரெப் ஃபிஷெலுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லிற்று. சந்தில் பெண்கள் பேசிப் பேசி மாய்ந்தார்கள். ஹே எழுத்தில் திரும்பி வருகிறவர்களுக்கு ஆண்டவன் ஜன்னல் வைத்தானாமே, உனக்கு மட்டும் ஏன் அடைத்தான் என்று ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"அடைக்கல," என்றாள் மெர்காதா. "ஜன்னல் இருக்கு. அது அவர் வீட்டுக்குள்ள தெறக்கல, அவ்வளவுதான்."

ஒரே சந்தில் இருவரும் இருக்கக் கூடாது. போக வேண்டியவள் அவள்தான் என்று ஊர் நினைத்தது. பெஹோர் நடக்க முடிந்ததும், வீட்டை அவளுக்கு எழுதி வைத்துவிட்டுத் துருத்தியையும் ஈயக்கட்டியையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு கீழே திபேரியாவுக்குப் போய்விட்டான். போவதற்கு முதல்நாள் அவள் அடுப்படிப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போய் ஈயம் பூசிச் சோல் அத்தை வாசலில் அடுக்கியிருந்தான். இன்னும் பலம் வராத கை. பூச்சு சில இடத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. அவள் ஒன்றையும் மறுபடி பூசக் கொடுக்கவில்லை.

போர் முடிந்த பிறகு ஒரு வசந்தகாலத்தில் ஷால்தியேல் வந்து சேர்ந்தான். பனியில் கால்விரல்கள் போயிருந்தன. நடந்ததைக் கேட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் வந்து ஒரு நிமிசத்துல விடுவிச்சிருப்பேனே, அண்ணி," என்றான். அப்படியானால் எல்லாம் வீண்தானே என்று சந்து உச்சுக்கொட்டிற்று. மெர்காதா அவனுக்குப் பருப்புச் சூப் ஊற்றிக் கொடுத்து, "நீ வருவேன்னு அப்ப யார்ரா சொன்னாங்க? சாப்பிடு," என்றாள்.

அதற்கப்புறமும் சில வருஷம் தனியாகவே இருந்தாள். பிறகு ஷபெத்தாய் என்ற ரொட்டிக்கடைக்காரன், மனைவியை இழந்தவன், பெண் கேட்டு ஆள் அனுப்பினான். அவள் முடியாது என்று சொல்ல வாயெடுத்த அன்று, திபேரியாவிலிருந்து வந்த மீன்காரன் ஒரு சேதி கொண்டுவந்தான். பெஹோர் சொன்னது ஒரே வார்த்தைதான்: கொடுத்ததை வீணாக்காதே. அவள் ஷபெத்தாயைக் கட்டிக்கொண்டாள். நாற்பதை நெருங்கும்போது ஒரு பெண் பிறந்தது.

அந்தப் பெண் நடக்க ஆரம்பித்த வருஷம், திபேரியாவில் மகான் சமாதித் திருநாளுக்கு மூவரும் போனார்கள். கூட்டத்தில் எண்ணெய்க்கடை ஓரமாகப் பெஹோர் நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. அவன்தான் முதலில் பார்த்தான். கிட்டே வரவில்லை. அவளும் கடையின் அந்தப் பக்கத்திலேயே நின்றாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீங்க?"

"இங்க வெக்கை ஜாஸ்தி. ஆனா இருமல் இல்ல." குழந்தையைப் பார்த்தான். "மூக்கு உன்னோடது."

"சாப்பாடெல்லாம்?"

"ஆகுது."

ஷபெத்தாய் கழுதையைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். அவள் தலையசைத்துவிட்டு நகர்ந்தாள். மலைப்பாதையில் பாதிதூரம் ஏறிய பிறகு, அது யார் என்று ஷபெத்தாய் கேட்டான். சொன்னாள். அவன் திரும்பிக் கீழே ஊரைப் பார்த்தான்.

"நம்மகிட்ட ரொட்டி இருந்துச்சே," என்றான் பிறகு. "ஒண்ணு குடுத்துட்டு வந்திருக்கலாம்."

"அடுத்த வருசம் நீங்க குடுங்க," என்றாள் மெர்காதா. குழந்தை தூங்கிவிட்டது. அவள் அதை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.